நாகேந்திரம் சேர் கேட்காமல் விட்டது

நேற்று ஜெகதீஸ்வரி அக்கா ஆள் அனுப்பி என்னை வெள்ளவத்தைக்குக் கூப்பிட்டார். அவருடைய கணவர், முன்னாள் எம்.பி. நாகேந்திரம், காலமாகி மூன்று வாரம். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டுமாம். செத்தவரின் படத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது.

"ஐறீன், நீர்தானே பத்து வருஷம் அவருக்கு டைப் அடிச்சனீர். வரலாற்றையும் நீரே எழுதித் தாரும்" என்றார். அதோடு விட்டாரா? என்னென்ன வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார். முதல் வரியே இதுதான்: பாராளுமன்றத்தில் சிங்கம் போலக் கர்ச்சித்தார்.

கர்ச்சித்தாராம்! அந்த மனிதர் பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. மேசையில் பேனாவால் தட்டித்தான் கூப்பிடுவார். பத்து வருஷத்தில் அவர் சபையில் பேசியதையெல்லாம் அடித்தது நான். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு கலியாண வீட்டில் சாப்பாடு பரிமாறி முடிகிற நேரம்கூட வராது. இதை எப்படி எழுதுவது? கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது முழு வழியும் எனக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். கடைசியில், எனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரிந்தபடி எழுதுவது என்று முடிவு செய்தேன். போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும்.

சேருடைய பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க சபையில் இருந்தவர். தகப்பன் கனகசபாபதி நான்கு தடவை எம்.பி. அவர்தான் உண்மையில் கர்ச்சித்தவர். ஒரு விரலை மேலே தூக்கியபடி அவருடைய பெரிய படம் வெள்ளவத்தை வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருகிற ஆட்களையெல்லாம் அந்த விரல் வெருட்டும். பிறகு மூத்த மகன், சேருடைய அண்ணர். அவரை எண்பத்தொன்பதில் வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டார்கள்.

இளையவர் நாகேந்திரம் அப்போது நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தார். அடிமட்டம் இல்லாமல் நேர்கோடு போடுவார். அதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக நான் அறியவில்லை. செத்த வீட்டில், சவம் எடுக்க முன்னமே, கட்சிக்காரர்கள் முன் அறையில் கூடிக் கதைத்திருக்கிறார்கள். இவர் கிணற்றடிக்குக் கை கழுவப் போயிருக்கிறார். திரும்பி வந்தால், "அப்ப இனி நீங்கள்தான், தம்பி" என்றார்களாம். இவர் ஈரக் கையோடு நின்று, "என்னத்துக்கு?" என்று கேட்டாராம். ஒரு மனிதன் எம்.பி. ஆன கதை இதுதான். இதைக் கல்வெட்டில் போடு என்றால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

நான் தொண்ணூறில் சேர்ந்தேன். கொட்டாஞ்சேனை கத்தோலிக்கப் பிள்ளை, டைப்பும் மூன்று மொழியும் தெரியும் என்று யாரோ சொல்லி என்னை எடுத்தார்கள். முதல் நாளே தலையிடி தொடங்கிவிட்டது.

வடக்கில் சண்டை. சனம் வெளிக்கிட்டுக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தை லொட்ஜ்களில் அடைந்து கிடந்தது. வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், இரவில் சோதனை, சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மறிக்கிற சென்றி. அடையாள அட்டையோடு ஓர் எம்.பி.யின் கடிதமும் சட்டைப் பையில் இருந்தால் கொஞ்சம் தெம்பு. ஆகவே விடிய ஏழு மணிக்கே எங்கள் வீட்டு வாசலில் கியூ. சிலநாள் ரெயில் றோட்டு வரைக்கும் போகும்.

கடிதம் தகப்பன் காலத்திலிருந்து வந்த ஒரே கடிதம்தான். "இவரை எனக்குச் சிறு வயது முதல் தெரியும். இவர் எனது ஊரைச் சேர்ந்தவர். நல்லொழுக்கம் உள்ளவர்." பெயரை மாற்றி அடிக்க எனக்கு மூன்று நிமிஷம் போதும். ஆனால் சேர் விடவேண்டுமே! ஒவ்வொருவரையும் எதிரே கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, விசாரணை தொடங்குவார்.

"தம்பி, நீர் ஆற்றை மகன்?"

"செல்லத்துரையின்ரை மகன், ஐயா."

"எந்தச் செல்லத்துரை? சங்கக் கடையடியோ, பள்ளிக்கூடத்தடியோ? அம்மா எந்தப் பக்கம்? வீட்டுக்குப் போற ஒழுங்கை எதாலை திரும்புது?"

ஒரு கொப்பியைத் திறப்பார். பென்சிலை எடுப்பார். பெரிய றோட்டு, ஒழுங்கை, வாய்க்கால் மதவு, கோயில், வீடு என்று கீறத் தொடங்குவார். அந்தப் பெடியன் "இல்லை ஐயா, வயிரவர் கோயில் இங்காலை" என்று விரலை வைப்பான். இவர் அழித்துக் கீறுவார். ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம்! வாசலில் பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள், பிள்ளைகள் அழுகிறார்கள், இங்கே மதவு கீறுகிறார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

"சேர், மணி பத்தாகுது. வெளியில முப்பது பேர் நிக்கிறாங்க. இந்தப் படம் எதுக்கு? கடிதத்துல ஊர் மட்டும் தானே வருது!"

"பிள்ளை, சிறு வயது முதல் தெரியுமெண்டு கையெழுத்து வைக்கிறன். அது பொய்தானே? கொஞ்சமெண்டாலும் உண்மையாக்கிப் போட்டு வைப்பமே" என்பார். "பார்க்காத ஆளுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

இப்படியே ஆறு வருஷம். இருபத்தேழு கொப்பிகள். ஆயிரம் பேருடைய அப்பா, அம்மா, ஒழுங்கை, கிணறு எல்லாம் அந்தத் தலைக்குள் இருந்தன. சபையில் பேச எழுந்தால் நாலு சொல் வராது. கட்சிக் கூட்டத்தில் தூங்குவார். "உந்த மனுசனைக் கட்டி நான் என்னத்தைக் கண்டன்" என்று அக்கா தலையில் அடிப்பார். மாமனாரின் படத்தைக் காட்டிக் காட்டியே அந்த மனுசி இவரைக் கரைத்தார்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத எனக்கு வெட்கம்தான், ஆனால் இதை விட்டால் மற்றது விளங்காது.

தொண்ணூற்றாறு தை மாதக் கடைசியில் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கொழும்பில் தமிழ்ப் பெயரோடு றோட்டில் இறங்கவே பயம். என் தம்பி நோபேட் ஃபிரிட்ஜ் திருத்துகிறவன். ஒருநாள் ஹெந்தளை, ஒருநாள் பொரளை என்று பையில் ஸ்க்ரூட்ரைவரும் வயரும் கொண்டு திரிகிற வேலை. வயரோடு பிடித்தால் சும்மா விடுவார்களா? அவனுக்கும் ஒரு கடிதம் எடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். முறைப்படி செய்வதென்றால் அவனைக் கூட்டிவந்து, கியூவில் நிறுத்தி, சேர் முன்னால் இருத்த வேண்டும். யாருக்கு நேரம்? ஆறு வருஷமாக அந்த விசாரணையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது. ஒரு பின்னேரம், பேப்பரும் கவரும் கேட்டு அனுப்புகிற படிவங்களுக்கு நடுவில் நோபேட்டின் கடிதத்தையும் வைத்தேன். பின்னேரம் வருவது என்னுடைய ஒபிஸ் பேப்பர்தானே என்று சேர் வாசிக்காமலே கையெழுத்து வைப்பார். வைத்தார்.

விரல் பழக்கம் என்ன செய்தது தெரியுமா? "இவர் எனது ஊரைச் சேர்ந்தவர்" என்பதையும் சேர்த்து அடித்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, யாழ்ப்பாணத்தைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காதவனை நான் வடக்கில் ஒரு கிராமத்து ஆளாக்கிவிட்டேன். நானும் பார்க்கவில்லை, அந்த எருமையும் வாசிக்காமல் பையில் வைத்துக்கொண்டது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை சென்றியில் மறித்திருக்கிறார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு. எம்.பி. கடிதத்தில் வடக்கில் ஊர். "ரெண்டில எது பொய்?" என்று கேட்டிருக்கிறார்கள். பையில் வயர் வேறு. கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். கடிதம் இல்லாமல் போயிருந்தால் விட்டிருப்பார்கள். என் தம்பியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

வியாழன் காலை நான் பொலிஸுக்குப் போனேன். எந்தப் பொலிஸ் என்று எழுதவில்லை. வாசலில் இருந்த சார்ஜன்ட் என்னை உள்ளே விடவே இல்லை. "அஞ்சு மணிக்குத் தடுப்புக் கட்டளைக்குப் பேப்பர் போகுது. அதுக்குப் பிறகு எங்கே அனுப்புவாங்களோ தெரியாது, நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துச் சொன்னான். தடுப்பில் போனவர்களின் தாய்மார் எத்தனை பேர் எங்கள் வாசலில் வருஷக் கணக்காக நின்றார்கள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளவத்தைக்கு ஓடினேன். அன்றைக்கென்று வீடு கலியாண வீடு மாதிரி இருந்தது. அவசரகாலச் சட்டத்தை நீடிக்கிற விவாதம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கட்சி சேருக்கு முழுசாகப் பன்னிரண்டு நிமிஷம் கொடுத்திருந்தது. மூன்றரைக்குப் பேச்சு. அக்கா மாமனாரின் சால்வையை எடுத்து மினுக்கி வைத்திருந்தார். சொந்தக்காரர் ஏழெட்டுப் பேரைப் பாராளுமன்றக் கலரியில் இருந்து பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்.

"சேர், என் தம்பியப் பிடிச்சிட்டாங்க" என்றேன். கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"வாரும் பிள்ளை" என்று சால்வையோடு எழுந்தார். அக்கா, "பேச்சை விட்டிட்டு எங்கை போறியள்?" என்று கத்தினார். "மூண்டு மணிக்கு முன்னம் போயிடுவன்" என்று இவர் சொல்ல, சாரதி ஸமீம் வானை எடுத்தார்.

அங்கே பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., மரியாதையான மனிதர். கதிரை தந்தார். எம்.பி.மாரைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரி "மந்த்ரிதுமா" என்று கூப்பிட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பைலை எடுத்து மேசையில் போட்டார். எல்லாம் எங்கள் கடிதங்கள்! நான் அடித்து, பதிய வந்தவர்களிடம் பொலிஸ் வாங்கி வைத்தவை. நாற்பத்து மூன்று.

"மந்த்ரிதுமா, இவர்கள் எல்லாரையும் உங்களுக்குச் சிறு வயது முதல் தெரியுமா? எல்லாரும் உங்கள் ஊரா? அவ்வளவு பெரிய ஊரா அது?" என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான்.

சேருக்கு வியர்த்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கத்தல்: சொல்லுங்க சேர், மற்றவங்களைத் தெரியாது, இவனை மட்டும் தெரியும் என்று சொல்லுங்க! என் புத்தி அன்றைக்கு அப்படித்தான் போனது. நாற்பத்திரண்டு பேருக்கு என்ன நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"கேளுங்கோ" என்றார் சேர். "எந்தக் கடிதத்தையும் எடுத்துக் கேளுங்கோ."

ஓ.ஐ.சி. நடுவிலிருந்து ஒன்றை உருவினார். பெயரை வாசித்தார். சேர் உடைந்த சிங்களத்தில் தொடங்கினார். தகப்பன் பெயர், தாய் பெயர், தகப்பன் சுருட்டுக் கொட்டிலில் வேலை, பெரிய றோட்டில் இருந்து இரண்டாவது ஒழுங்கை, மூலையில் மதவு. சொல் வராத இடத்தில் ஓ.ஐ.சி.யின் பேனாவை வாங்கி அவருடைய தாளிலேயே கீறினார். ஓ.ஐ.சி. அந்தப் பெடியனின் பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். தகப்பன் பெயர் சரி. தாய் பெயர் சரி. விலாசத்தில் ஒழுங்கை சரி.

இன்னொன்று எடுத்தார். அதுவும் சரி. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் கான்ஸ்டபிள் சிரிப்பை விட்டுவிட்டுக் கிட்ட வந்து படத்தைப் பார்த்தான். ஏழாவது முடிய ஓ.ஐ.சி. மணியடித்துத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எங்கள் வீட்டில் எத்தனை தேத்தண்ணீருக்கு நான் எரிந்து விழுந்திருப்பேன்! மணி இரண்டேகால்.

பிறகு மேலே தனியாக வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். நோபேட்டின் கடிதம்.

"சரி, மந்த்ரிதுமா. இவன்?"

சேர் வாங்கிப் பார்த்தார். வாசித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "இது என்னுடைய கிளார்க் செய்த வேலை" என்று ஒரு சொல் சொன்னால் அவர் எழுந்து போகலாம், மூன்றரைக்குப் பேசலாம். கள்ளக் கடிதம் அடித்ததற்கு என்னையும் நோபேட்டுக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

"தகப்பன் பெயர்?" என்று ஓ.ஐ.சி. கேட்டார்.

"தெரியாது."

"ஊர்?"

"என்ரை ஊர் இல்லை. இந்தக் கடிதம் பொய். கையெழுத்து என்னுடையது, அதாலை பொய்யும் என்னுடையது." தட்டித் தடுமாறிச் சிங்களத்தில்தான் சொன்னார். "இந்தப் பிள்ளை இவன்ரை அக்கா. ஆறு வருஷமாய் என்ரை வீட்டிலை இருந்து டைப் அடிக்கிறா. வடக்கிலை இருந்து வந்த ஒவ்வொருத்தனையும் ஆற்றை மகன் எண்டு கேட்டனான். இவவிட்டை நான் ஒருநாளும் கேக்கேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. உண்மைதானே! ஆறு வருஷம்! மழைக்கு எங்கள் வீடு ஒழுகுமா, எனக்கு அப்பா இருக்கிறாரா என்று அந்த மனிதர் கேட்டதே இல்லை. நான் அவருக்கு ஒரு டைப்ரைட்டர்.

ஓ.ஐ.சி. பேனாவை மூடி வைத்தார். "தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற எம்.பி.யை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். "இவன் யார் என்று காட்ட ஏதாவது இருந்தால் அஞ்சுக்கு முன்னம் கொண்டு வாருங்கள்."

பிறப்புச் சான்றிதழ் வீட்டில், ஞானஸ்நானச் சான்றிதழ் கோயிலில். ஸமீம் வானை எடுத்துக்கொண்டு பறந்தார். அப்போதுதான் எனக்குப் பேச்சு ஞாபகம் வந்தது.

"சேர், வான் போயிட்டுது! ஒரு த்ரீவீல் பிடிச்சுப் போங்க. மூன்றரைக்குப் பேச்சு!"

"நான் எழும்பினால் இவன்ரை பேப்பரும் எழும்பிப் போயிடும், பிள்ளை" என்று சொல்லிவிட்டு அந்த மரக் கதிரையில் இருந்தார். பன்னிரண்டு நிமிஷப் பேச்சு சால்வைக்குள் மடங்கிக் கிடந்தது. மூன்றரை வந்தது, போனது. நாலு மணிக்கு ஸமீம் வந்தார். நாலே முக்காலுக்கு நோபேட் ஒரு செருப்போடு வெளியே வந்தான். மற்றச் செருப்பு எங்கே என்று அவனை ஏசினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சட்டம் எப்போதும் போல நிறைவேறியது. சேர் பேசியிருந்தாலும் நிறைவேறித்தான் இருக்கும். பத்திரிகை, "நேரம் ஒதுக்கியும் உறுப்பினர் சபையில் இல்லை" என்று எழுதியது. கலரியில் சொந்தக்காரரோடு வெறும் ஆசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. கட்சி அதன் பிறகு அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. இரண்டாயிரத்தில் தோற்றார். மூன்று தலைமுறை ஆசனம் அவரோடு முடிந்தது. கடைசி வருஷத்தில் அயலவர்களுக்கு வீட்டுப் பிளான் கீறிக் கொடுத்துக்கொண்டு, நான் பார்த்த காலத்துக்குள் மிகச் சந்தோஷமாக இருந்தார். இவ்வளவுதான் வரலாறு. கர்ச்சனை எங்கே வருகிறது, நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். அன்றைக்கு வானில் திரும்பி வரும்போது சேர் முன் ஆசனத்திலிருந்து மெல்லக் கேட்டார்: "பிள்ளை, உம்மடை அப்பான்ரை பேர் என்ன?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஆறு வருஷம் கழிச்சு இப்ப கேக்குறீங்களா? நாளைக்கு கியூவில வந்து சொல்றேன், சேர்!" என்றேன். நோபேட் என் கையைக் கிள்ளினான்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் போனால், டைப்ரைட்டருக்கு மேலே உறையைப் போட்டு மூடி வைத்திருந்தார். எதிர்க் கதிரையைக் காட்டினார். தேத்தண்ணீர் வந்தது. புதுக் கொப்பியைத் திறந்தார். வெளியே கியூ ரெயில் றோட்டு வரை நின்றது.

"நீர் ஆற்றை மகள்?"

"ஸ்ரனிஸ்லாஸ் மகள், சேர்."

"என்ன வேலை?"

"ஹாபர்ல கிரேன் ஓட்டினாங்க. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல தவறிப் போயிட்டாங்க."

எழுதினார். பென்சிலை எடுத்து ஒரு றோட்டுக் கீறினார். கோயில் எந்தப் பக்கம், ஒழுங்கை எதாலை திரும்புது, வாசலில் என்ன இருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர்ப் பைப்பை வலது பக்கம் போட்டார். நான் தாளில் விரலை வைத்து, "இல்ல சேர், பைப் இந்தப் பக்கம்" என்றேன். அழித்துக் கீறினார். அப்பா காலையில் அந்தப் பைப்படியில் நின்று பல் விளக்குவார் என்று சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இவர் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்.

வாசலில் ஒருவர் தலையை நீட்டி, "பிள்ளை, வெய்யிலுக்கை நிக்கிறம். இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

நான் திரும்பி, "கொஞ்சம் பொறுங்க ஐயா! என்னுடையது இன்னும் முடியல்ல" என்றேன்.